பாதி மேட்டில் ஒரு நாற்காலி

பிப்ரவரி 6

மருத்துவர் சொன்னபடி நடக்கத் தொடங்கி இன்று நாலாவது நாள். தொடை இரண்டையும் யாரோ கட்டையால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. கடையின் மாடிக் கிடங்குக்குப் பதினெட்டுப் படி. அதற்கே மூச்சு வாங்கியதால்தான் இந்த வம்பு.

மைதானத்தில் நாலு சுற்று. மச்சினன் — வீட்டுக்காரியின் தம்பி, பதினோரு வருஷமாகக் கடையில் என் வலது கை — "காலைல ஏழு மணிக்கு நடந்தாதான் மாமா பலன். கடைய நான் தெறந்துக்கறேன், நீங்க நிம்மதியா நடங்க" என்றான்.

குழாய்க் கடைக்கு ஏழு மணிதான் உயிர். பிளம்பர்கள் வேலைக்குப் போகிற வழியில் சாமான் வாங்கும் நேரம். இருபத்தாறு வருஷத்தில் அந்த நேரத்தை நான் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. கொடுத்துவிட்டேன். நெஞ்சுக்குப் பயந்தவன் வேறென்ன செய்வான்?

பிப்ரவரி 27

தொடை வலி போன இடம் தெரியவில்லை. மூன்று கிலோ இறங்கிவிட்டேன், பெல்ட்டுக்குப் புது ஓட்டை. பதினெட்டுப் படியையும் நிற்காமல் ஏறினேன். மேலே ஆள் யாரும் இல்லை. இருந்திருந்தால் இன்னொரு தரம் ஏறிக் காட்டியிருப்பேன்.

ஏப்ரல் 3

ஐந்து வாரமாக எடை அசையவில்லை. அதே நாலு சுற்று, அதே வியர்வை — இல்லை, வியர்வைகூட இல்லை. ஏமாற்றுகிறதா இந்த உடம்பு?

மருத்துவமனையில் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் சண்டைக்கே போனேன். நாடி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மொத நாள் எண்பத்தெட்டு சார். இப்ப எழுபத்திரண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அதிகமா ரத்தத்தத் தள்ளுது, அதனால கொறைச்சலா துடிச்சாலே போதும். காலும் பழகிடுச்சு. அந்த நாலு சுத்தெல்லாம் உங்க உடம்புக்கு இப்ப ஒரு வேலையே இல்ல."

"அப்ப இத்தனை நாள் நடந்தது வீணா?"

"நடந்ததாலதானே பழகிச்சு! இனிமே மேடு ஏறுங்க. ஆனா பேசிக்கிட்டே ஏற முடியணும். பேச்சு வரலைன்னா, ஒங்க சக்திக்கு மீறிப் போறீங்கன்னு அர்த்தம்."

வேலையைக் கற்றுக்கொண்டு, குறைந்த உழைப்பில் முடித்துவிட்டுக் கமுக்கமாக இருப்பவனைக் கடையில் பார்த்தால் கெட்டிக்காரன் என்பேன். என் உடம்பே அதைச் செய்யும்போது எரிகிறது.

ஏப்ரல் 4

மச்சினனிடம் மேடு ஏறப்போவதைச் சொன்னேன். "மேடெல்லாம் எதுக்கு மாமா? மைதானமே போதும். நெஞ்சு வேற..." என்றான். என்ன அக்கறை!

ஏப்ரல் 8

மேட்டுத் தெரு. பாதியில் மூச்சு முட்டி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். எதிரே ஒரு புதுக் கடை. பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர் பரிதாபப்பட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். உட்கார்ந்து பலகையைப் படித்தேன். குழாய்க் கடை. நான் பதினைந்து வருஷமாக விற்கும் அதே கம்பெனியின் முத்திரை, கீழே.

"அண்ணே, எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா" என்றபடி உள்ளேயிருந்து வந்தது மச்சினன். பின்னாலேயே என் பிளம்பர்கள் இரண்டு பேர், கையில் டீயோடு. மணி ஏழரை. என் கடையை யாரை நம்பி விட்டுவிட்டு வந்தானோ.

கேட்க நூறு கேள்வி. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஒரு வார்த்தை வரவில்லை.

"மாமா, தண்ணி குடிங்க."

குடிச்சேன். அவன் கையால வாங்கிக் குடிச்சேனே!

ஏப்ரல் 9

வீட்டுக்காரிக்குத் தெரியுமாம். இரண்டு மாசமாக.

"சொன்னா ஒங்க நெஞ்சு தாங்குமான்னு பயந்தேங்க."

"ஒன் தம்பி செஞ்சதத் தாங்குற நெஞ்சு, நீ சொன்னா தாங்காதா?"

அழுதாள். வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்த கை, இதை மட்டும் ஒளிச்சு வச்சிருக்கு.

ஏப்ரல் 11

கம்பெனி மேனேஜரிடம் பேசினேன். "ஒடம்பு முடியாம நீங்க ஒதுங்குறதா ஒங்க மச்சான் சொன்னாரே சார்? காலைல எப்ப வந்தாலும் நீங்க கடையில இல்லையே" என்றார்.

நான் நடந்த நடைதான் அவனுக்குச் சாட்சி.

ஏப்ரல் 16

நடக்கவில்லை. எதற்கு?

ஏப்ரல் 25

பன்னிரண்டாவது படியில் நின்றுவிட்டேன். நாடி எழுபத்தெட்டு. இரண்டு வாரம் சும்மா இருந்ததற்கு, கொடுத்ததைத் திரும்ப எடுக்க ஆரம்பித்துவிட்டது உடம்பு. இதுவுமா?

"விட்டா உடம்பும் விட்டுடும் சார்" என்றாள் பயிற்சிப் பெண். "ஆனா திரும்ப ஆரம்பிச்சா மொத தடவைய விட சீக்கிரம் புடிச்சுக்கும்."

காலையில் இனி முடியாது, கடை திறக்கணும் என்றேன்.

"சாயங்காலம் நடங்களேன். காலைலதான் நடக்கணும்னு யார் சொன்னா?"

யார் சொன்னது என்று அவளிடம் சொல்லவில்லை.

மே 2

ஆறே முக்காலுக்கு நானே ஷட்டரைத் தூக்கினேன். நாலு பிளம்பர் வந்தார்கள். முன்பு பதினைந்து பேர் வருவார்கள். அவர்களில் ஒரு தாடிக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன மொதலாளி, எளவட்டமா ஆயிட்டீங்க! நீங்க படுத்த படுக்கைன்னாங்களே?"

"படுக்கையிலேர்ந்துதான் வர்றேன். எந்திரிச்சுப் பல்லும் வெளக்கிட்டேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். உள்ளே ஒன்றும் சிரிக்கவில்லை.

மே 19

மாலை. மேடு. மின்கம்பத்தில் நின்றேன், அவன் கடைக்கு முதுகைக் காட்டி.

ஜூன் 30

காலையில் கடைக்கு வந்த பிளம்பர்கள் ஒன்பது பேர்.

மாலை மேடு ஏறும்போது வழக்கம்போல மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். இரண்டு மாசமாகத் தீட்டித் தீட்டி வைத்திருக்கும் திட்டு. அவன் வாசலில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அதே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க மாமா. மூச்சு வாங்கிக்கிட்டுப் போங்க."

நின்றேன். மூச்சு வாங்கவில்லை. பதினோரு வருஷத்தையும் அந்த வாசலிலேயே கொட்டியிருக்கலாம். அத்தனைக்கும் மூச்சு இருந்தது.

"வேணாம்ப்பா. உள்ள ஆள் நிக்கிறாங்க, போய்க் கவனி. எனக்கு இன்னும் பாதி மேடு இருக்கு."

பேச்சு தடங்கல் இல்லாமல் வந்தது. உச்சிவரை எங்கும் நிற்கவில்லை.

சாப்பாடு போடும்போது வீட்டுக்காரி தட்டைப் பார்த்தபடி கேட்டாள். "அவன் ஏதாவது சொன்னானா?"

"உக்காரச் சொன்னான்" என்றேன்.