வெள்ளிக்கிழமை அளவு

இன்று விடிந்ததும் அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினேன். மாவு வெந்து பளபளக்கும்போது வரும் வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. பயிற்சிப் பள்ளி விடுதியில் சார்ட் ஒட்ட நீதான் பசை காய்ச்சுவாய். ஒரு நாளாவது அடிப்பிடிக்காமல் இறக்கியிருக்கிறாயா? நான் திட்டத் திட்ட, கருகியதைச் சுரண்டிக்கொண்டே சிரிப்பாய். இன்று நானும் அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

பசை எதற்கென்றால், நீ ஒட்டச் சொல்லிக்கொடுத்த காகிதத்துக்குத்தான். என் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்து விரிசலின் குறுக்கே ஒட்டியது நாலு மாதமாகக் கிழியாமல் இருந்தது. நேற்று சாயங்காலம் மணி அடிக்கும்போது பார்த்தேன், கிழிந்திருந்தது. இதை வேறு யாரிடம் போய் முதலில் சொல்வேன்?

நம் பக்கத்து ஆசிரியர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு தொடங்கியவள் நான். நல்ல குழுதான், அதை நானே சொல்லிக்கொள்வேன். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உன் பள்ளியில் நீ மெட்டுப் போட்ட வாய்பாட்டை மறுநாளே அடி அண்ணாமலையில் என் பிள்ளைகள் பாடினார்கள். பின்னம் நடத்த வராமல் நான் முழித்தபோது, முகம் தெரியாத ஒருவர் தோசையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எனக்கு ஒழுங்கு முக்கியம். பாடம் சம்பந்தப்பட்டது மட்டுமே போடவேண்டும், காலை வணக்கம்கூடக் கூடாது என்று விதி வைத்திருந்தேன். கல்வித்துறை ஆப்பில் வருகைப்பதிவு முடிக்காத பள்ளிகளின் பட்டியலைத் தினமும் குழுவில் போடும் வேலையும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் நீ ஒரு படம் போட்டாய். உன் வகுப்புச் சுவரில் விரிசல் ஒன்று கூரை வரை ஏறியிருந்தது. வேறு யார் பள்ளியிலாவது இப்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். ஒரே நிமிடத்தில் அதை அழித்தேன். குழுவின் விதியை உனக்குத் தனியாக நினைவூட்டி வேறு எழுதினேன். "சரிங்க அட்மின் மேடம்" என்று பதில் போட்டாய்.

அந்த வாரமே நாலாம் வகுப்புக் கணக்கு என்று ஒரு பாடம் அனுப்பினாய். விரிசலின் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டித் தேதி எழுதுவது. காகிதம் கிழிந்தால், வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் அந்த இடைவெளியைத் தங்கள் ஸ்கேலால் அளந்து பட்டை வரைபடம் போடுவது. கூடவே உன் குரல் பதிவு: "இன்னாடி, இது பாடந்தானே? இத அழிக்க மாட்டியே?"

அழிக்கவில்லை. அருமையான பாடம் என்று குழுவின் உச்சியில் நிறுத்தி வைத்தேன். கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. நாலைந்து வாரத்தில் பள்ளி பள்ளியாக வெள்ளிக்கிழமை அளவுகள் வரத் தொடங்கின. எத்தனை சுவர்கள்! ஒருவர், "எங்க ஸ்கூல்தான் ஃபர்ஸ்ட், அஞ்சு மில்லிமீட்டர்" என்று எழுதினார். அதற்கு நான் சிரிப்புப் பொம்மை போட்டேன்.

நீ மட்டும் எதற்கும் சிரிக்கவில்லை. ஒரு பயிற்சி நாளில் செங்கம் சாலை டீக்கடையில் போனைத் திறந்து உன் வகுப்பு வரைபடத்தைக் காட்டினாய். "வாரா வாரம் ஜாஸ்தி ஆவுதுடி. கம்மியாவே இல்ல" என்றாய். சுவரைப் பார்க்கச் சொல்லிக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனால் படத்தை ஆப்பில் ஏற்றச் சொன்னார்களாம். ஏற்றினாயாம். பெறப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்ததாம், அதோடு சரி. நீ காத்திருக்கவில்லை. பிள்ளைகளை எதிரே இருந்த மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு மாற்றினாய். ஆனால் பள்ளியின் வைஃபை பெட்டி அந்த வகுப்பறை மூலையில்தான் இருந்தது. மண்டபத்தில் வாட்ஸ்அப் செய்தி தட்டுத்தடுமாறி வந்துவிடும், வருகைப்பதிவு ஆப் மட்டும் திறக்காது. அதனால் தினமும் காலையில் நீ ஒருத்தி மட்டும் உள்ளே போய் வந்தாய். இது எனக்குத் தெரியும். தெரிந்தே இருந்தேன்.

அன்று மூன்றாவது நாளாக மழை. ஒன்பதே முக்காலுக்குப் பட்டியல் போட்டேன். உன் பள்ளி ஒன்றுதான் பாக்கி. "உடனே முடிக்கவும்" என்று எழுதி, கூட ஆச்சரியக்குறியும் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் உன் பதில் வந்தது: "முடிச்சுட்டேன்." பட்டியலை மூடிவிட்டு நான் பாடம் நடத்தப் போனேன். அந்தச் சுவர் சரிந்தது; நீ அந்த அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

உன் பள்ளிச் சத்துணவு அக்கா காரியத்தன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "மழை வுடட்டும், அப்பால போறேன்னுதாம்மா டீச்சர் உக்காந்துனு இருந்தாங்க. போன்ல இன்னாவோ வந்துச்சு, பாத்துட்டு எழுந்து போனாங்க" என்றார்.

அந்தச் செய்தி யாருடையது என்று அவரிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அட்மின் வேலையை ஓர் இளவயது சாரிடம் ஒப்படைத்ததோடு சரி. உனக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். உன்னை உள்ளே அனுப்பியது நான்தான்.

பசையோடு பள்ளிக்குப் போனேன்; ஆனால் ஒட்ட உள்ளே போகவில்லை, பிள்ளைகளையும் வகுப்புக்குள் விடவில்லை. கிரிவலப் பாதை ஓரத்து வேப்பமர நிழலில் உட்கார வைத்தேன். தலைமையாசிரியர் வந்து, வியாழக்கிழமை மேலதிகாரி வருகிறார், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். பொறுக்க முடியாது என்றேன். பௌர்ணமிக் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிட்டதால் போனில் நெட் நகரவில்லை. எங்கள் வைஃபை பெட்டியும் அந்தக் கரும்பலகைக்கு மேலேதான். பத்து மணிக்குப் புது அட்மின் போன் செய்தார்.

"டீச்சர், உங்க ஸ்கூல் ஒண்ணுதான் பாக்கி. ஒரு நிமிஷ வேலை, உள்ள போய் போட்டுட்டு வந்துடுங்களேன்."

அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கும் அன்று இருக்கவில்லை.

போக மாட்டேன் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். சாயங்காலம் வரை பட்டியலில் என் பள்ளி மட்டும் தனியாக நின்றது. நாளை அவர்களை உள்ளேதான் உட்கார வைக்கவேண்டும் என்று தலைமையாசிரியர் எழுத்தில் கொடுத்திருக்கிறார். முடியாது என்று நானும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை. உன் "முடிச்சுட்டேன்" இன்னும் என் போனில் இருக்கிறது, தினமும் ஒருமுறை பார்க்கிறேன்.

மலைக்கு மேல் இருட்டிக்கொண்டு வருகிறது, மழை வரும்போலிருக்கிறது. இன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகளும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.