எட்டுச் செலவில் வைத்த பனிமான் வற்றல்

என் செல்லத் தங்கச்சி சறோவுக்கு,

பட்டியல் போடாமல் அண்ணைக்கு ஒன்றும் தொடங்கத் தெரியாது என்று நீ சிரிப்பாய். சிரி. இதற்கும் போட்டுத்தான் இருக்கிறேன்.

1. நீ போனபின் உனக்குப் படையல் வைத்த எட்டுச் செலவன்று தம்பி வீட்டில் நடந்த சண்டை.
2. முதியோர் இல்லத்துச் சமையலறையில் நீ செய்தது சரி, நான் சொன்னது பிழை.
3. உனக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த சாப்பாடு பனிமான் எலும்புச்சாறும் வற்றல் இறைச்சியும்தான்.
4. ஒரு வாக்கு.

உன் முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்காக இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் போதும் என்று தம்பி சிவம் சொல்லியிருக்கிறான். பரிஸ் லா சப்பலில் தன் கடையில் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே சொன்னான்: "அண்ணை, சுருக்கமா எழுதுங்கோ. மீன் ஃபக்டரி, கிழடுகளுக்குச் சமைச்சது, உதெல்லாம் வேண்டாம். நோர்வேயிலை உத்தியோகம் எண்டு போட்டால் காணும்."

நான் தலையாட்டினேன். என் தலை உனக்குத் தெரியும். யார் எதைச் சொன்னாலும் முதலில் ஆடிவிடும். கை அப்படியில்லை. கை எல்லாவற்றையும் எழுதப்போகிறது. எழுதியதை நானே அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரியாமல் முதலாவது விளங்காது.

வட நோர்வேயின் மீன் தொழிற்சாலையில் பல வருடம் மீன் வெட்டிய பிறகு, உள்நாட்டில் ஒரு சின்ன ஊர் முதியோர் இல்லத்தில் உனக்குச் சமையல் வேலை கிடைத்தது. அங்கே இருந்தவர்களில் அரைவாசிப்பேர் சாமி இனத்தவர். நோர்வேக்காரர் வரமுன்னரே அந்தப் பனிநிலத்தில் பனிமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்கள். ஒரு நாள் நீ தொலைபேசியில் ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாய்.

"அண்ணை, அவர் தட்டைத் தள்ளிவிடுறார். மீன் உருண்டையும் வேண்டாமாம், வெள்ளைக் குழம்பும் வேண்டாமாம். மறதி வந்து நோர்வேப் பாசையும் போட்டுது. சின்னனிலை கதைச்ச சாமிப் பாசை மட்டுந்தான் மிச்சம். வாயும் அந்தக் காலத்துக்கே திரும்பிப் போட்டுது போல."

மாரெத் வீட்டிலிருந்து பனிமான் எலும்பு வாங்கி அவித்துக் கொடுக்கப்போகிறேன் என்றாய். மாரெத் உன்னோடு அதே சமையலறையில் வேலை செய்த சாமிப் பெண். உன் பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய தமையன் இன்னும் பனிமான் மந்தை வைத்திருப்பவர்.

நான் என்ன சொன்னேன்? விலங்கியல் படித்த பட்டதாரி அல்லவா! பரிசில் முப்பது வருடம் உணவகங்களில் பாத்திரம் கழுவினாலும் படித்த திமிர் போகவில்லை. எலும்புக்குள் இருக்கும் மச்சையில் எவ்வளவு கொழுப்பு, வற்றலில் எவ்வளவு உப்பு என்று விரிவுரை வைத்தேன். போதாததற்கு, ஒரு கிழமைக்கான உணவு அட்டவணையைக் கோடு போட்டு எழுதித் தபாலிலும் அனுப்பினேன்.

நீ பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாய்: "அண்ணை, அந்த மனுசனுக்கு எண்பது தாண்டிட்டுது. கொழுப்பு இனி அவரை என்ன செய்யப்போகுது? இப்ப அவரைக் கொல்லுறது பட்டினி."

மேலாளர் சுகாதார விதி பேசினாராம். அரைகுறை நோர்வேப் பாஷையில் நீ அவரிடம் கேட்டதை மாரெத் எனக்குப் பிறகு சொன்னாள். சின்ன வயதில் இவர்களை விடுதிப் பள்ளியில் அடைத்து, பாஷையைப் பறித்து, அந்நியச் சாப்பாடு ஊட்டினீர்கள். சாகும்போதும் அதையேதான் ஊட்டப்போகிறீர்களா? கேட்டுவிட்டு அடுப்பை மூட்டினாயாம். அந்தக் கிழவர் எலும்பை இரண்டு கையாலும் பிடித்து மச்சையை உறிஞ்சிய சத்தம் அடுத்த அறைக்கும் கேட்டதாம். அதன்பிறகு வியாழன்தோறும் அந்த இல்லத்தில் எலும்பு நாள்.

அந்த அட்டவணைக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா? நினைவில்லை. கேட்டிருக்கமாட்டேன். இங்கே, எல்லோரும் பார்க்க, கேட்கிறேன்.

இனி முதலாவது.

உன் தகனத்துக்கு நானும் தம்பியும் வந்தோம். திரும்பும்போது மாரெத் என் கையில் ஒரு பொதியைத் தந்து, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக் கட்டிப்பிடித்து அழுதாள். விமானநிலையத்து இரைச்சலில் பாதி கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தால் வற்றலாகக் காயவைத்த பனிமான் இறைச்சி. கறுத்து, விறகுத்துண்டு மாதிரி இருந்தது. உனக்குப் பிடித்ததை உனக்குப் படைக்கத்தான் தந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டுச் செலவை வசதிக்காகச் சனிக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டில் வைத்தோம். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து அனுப்பிவைக்கும் நாள். தம்பி பெண்சாதி மலர் விடிய எழும்பிச் சமைத்திருந்தாள். நண்டுக்கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஒடியல் கூழ், பயத்தம் பணியாரம். நீ பதினேழு வயதில், ஊரைவிட்டுப் போகுமுன், விரும்பியவை. அதற்குப் பிறகு நீ வாழ்ந்த நாற்பது வருடத்துக்கு அந்தப் படையல் இலையில் ஒரு விரல் அகல இடமில்லை.

பொதியைப் பிரித்தேன்.

"உதென்ன அண்ணை, கறுத்தக் கட்டை?" என்றான் தம்பி.

"மான் இறைச்சி. வத்தல்."

"விசரே உங்களுக்கு? ஆக்கள் பாத்தா என்ன சொல்லுவினம்? எங்கடை அக்கா காட்டுச் சனத்தோடை இருந்து காட்டுச் சாப்பாடு திண்டவ எண்டெல்லோ கதைப்பினம்!"

மலர் நடுவில் வந்தாள். "அத்தான், மச்சாள் நண்டுக்கு உயிரை விடுவா எண்டு இவர்தானே சொன்னவர்."

வழக்கமாக இந்த இடத்தில் நான், "நீங்கள் சொல்லுறதும் சரிதான்" என்று பின்வாங்குவேன். உன் கலியாணப் பேச்சுக் குழம்பியபோதும் அப்படித்தான் பின்வாங்கினேன். அன்று நண்டுச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, இலையின் நடுவில் அந்த வற்றலை வைத்தேன்.

"காட்டுச் சனம் எண்டு இன்னொருக்கால் சொன்னியோ, நான் இஞ்சை சாப்பிடமாட்டன்," என்றேன். "இதே தெருவிலை எங்களையும் அப்பிடிச் சொன்னவை. எங்கடை கருவாட்டு மணத்துக்குப் பொலிசைக் கூப்பிட்டவை. மறந்திட்டியோ?"

தம்பி கற்பூரம் கொளுத்தினான். தீக்குச்சி இரண்டு தரம் முறிந்தது.

சறோ, எனக்கு அன்று பெருமை. அதை மறைக்கமாட்டேன். வயது எழுபத்தொன்றில் முதல்முறையாக ஒரு சட்டியை நகர்த்தியிருக்கிறேன். வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் விளக்கமும் கொடுத்தேன். சாமி இனத்தவர் ஒரு மிருகத்தைக் கொன்றால் நாக்கு, இரத்தம், குளம்பு, நரம்பு ஒன்றையும் வீணாக்கமாட்டார்கள். கோப்பிக்குள் பாற்கட்டியும் வற்றல் துண்டும் போட்டுக் குடிப்பார்கள். ஆதிகாலத்திலிருந்து மாறாத சாப்பாடு. என் தங்கச்சியும் அவர்களில் ஒருத்தியாகவே மாறிப்போனவள். இப்படியெல்லாம்.

உண்மையில் நான் உன்னிடம் வந்த அந்த ஒரு குளிர்காலத்தில் பார்த்தது வேறு. மாரெத்தின் தமையன் மந்தைக்குப் பின்னால் பனிமோட்டார்வண்டியில் போனார். மான் எங்கே நிற்கிறது என்று கைத்தொலைபேசியில் பார்த்தார். மத்தியானம் சட்டைப்பைக்குள்ளிருந்து சோசேஜ் வைத்த பாணை எடுத்துக் கடித்து, சோடா குடித்தார். என் முகம் விழுந்ததைக் கண்டு நீ கேட்டாய்: "ஏன் அண்ணை, நீங்கள் வேட்டியோடையோ லா சப்பலிலை திரியிறியள்?"

அந்தக் கேள்வியை மறந்துவிட்டுத்தான் மூன்றாவதை எழுதத் தொடங்கினேன்.

தொடங்கியவன் இடையில் பேனையை வைத்தேன். எலும்பு எத்தனை மணி நேரம் அவியவேண்டும் என்பதைச் சரியாக எழுதவேண்டுமே. மாரெத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நான்கு மணி நேரம்," என்றாள். "ஆனால் சறோவுக்கு அந்த மணம் ஆகாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அவிப்பாள். ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை."

நான் வற்றலைப் பற்றிச் சொன்னேன். இலையின் நடுவில் வைத்ததை, தம்பியோடு சண்டை பிடித்ததை. அவள் கேட்டாள்:

"அதை ஏன் அவளுக்கு வைத்தாய்? அது உனக்கல்லவா தந்தேன்! வந்த நாலு நாளும் நீ ஒன்றும் சாப்பிடவில்லை. போகிற வழியில் கடித்துக்கொண்டு போ என்று சொன்னேனே."

அப்படியானால் சறோவுக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள், சறோ. அழுதுகொண்டு சிரித்தாள்.

"பீட்சா! கடையில் உறைய வைத்து விற்கிற பெட்டிப் பீட்சா. வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வீட்டில், தொலைக்காட்சிக்கு முன்னால். உங்கள் தம்பி அனுப்புகிற மிளகாய்த்தூளை மேலே கொட்டுவாள். எனக்கும் பழக்கிவிட்டாள். ஏன், எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் வெள்ளிக்கிழமை அதுதான். நாங்கள் என்ன, காட்சிச்சாலைக் கண்ணாடிக்குள்ளா இருக்கிறோம்?"

ஆக, மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. வெட்டிவிடலாம்தான். வெட்டமாட்டேன். உன்னைப் பதினேழு வயதில் நிறுத்தியது தம்பியின் பிழை. உன்னையும் மாரெத்தின் சனத்தையும் ஆதிகாலத்தில் நிறுத்தியது என் பிழை. இரண்டும் அச்சில் இருக்கட்டும். அந்தக் கிழவருக்கு எது வேண்டும் என்று நீ மட்டும்தான் அவருடைய வாயைப் பார்த்து அறிந்தாய். உனக்கு எது வேண்டும் என்று நாங்கள் ஒருவரும் உன் வாயைப் பார்க்கவில்லையே, ஏன்?

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அச்சில் பார்த்துத்தான் அறியப்போகிறான். அவனுடைய மிளகாய்த்தூள் மாதந்தோறும் துருவம் வரை வந்து உன் வெள்ளிக்கிழமைகளில் இருந்தது என்பதையும் அப்போதுதான் அறிவான். எங்கள் எல்லோரிலும் உனக்குச் சரியானதைத் தந்தவன் அவன்தான்.

இனி நாலாவது. வருடம் முடிய வரும் உன் ஆட்டத் திவசத்துக்கு மச்சம் மாமிசம் கூடாது. நல்லது, பாற்கட்டிப் பீட்சாவில் மச்சம் இல்லை. வாழையிலையில் சுடச்சுட வைப்பேன். மேலே தம்பி கடை மிளகாய்த்தூள். ஐயர் பார்க்கட்டும், ஆக்கள் கதைக்கட்டும். என் தலை ஆடினாலும் கை வைக்கும்.

படைத்தது போக வற்றலில் மிச்சம் இருக்கிறது. அது எனக்குரியதாம். பல்லில்லாத பக்கம் ஒதுக்கிக்கொண்டு கடிக்கிறேன். கடினம்தான். ஆனால் மென்றுகொண்டே இருந்தால் ருசி வருகிறது.

இப்போதுதான் சாப்பிடத் தொடங்கியிருக்கும்
உன் மூத்த அண்ணை