சிவப்பு நூல் கட்டிய முனை

வடகரை, எஸ்தோனியா
மார்ச் 1951

அன்புள்ள ஹெல்மி அத்தைக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதால், உங்கள் ஊரான தார்த்துவுக்கு வரும் எங்கள் ஆசிரியையிடம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது.

அப்பா திரும்பி வராத செய்தி உங்களுக்கு எட்டியிருக்கும். விரிகுடா உறைந்திருந்ததால், எப்போதும்போல் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு, பனியில் துளையிட்டுக் குழாயை இறக்கி ஆய்வுக்குக் கடலடிச் சேறு எடுக்கப் போனார். கூடப் போகவேண்டிய, அவரோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒஸ்கார் மாமாவுக்கு அன்று காய்ச்சல். மறுநாள் எல்லைக் காவலர்கள் வண்டியை மட்டும் கொண்டுவந்தார்கள். அதில் சேறு நிறைந்த குழாய் இருந்தது. "உன் புருஷன் வேலைய முடிச்சு, குழாய ஒழுங்கா கட்டி வச்சிட்டுத்தான் பின்லாந்துக்கு ஓடியிருக்கான். ரொம்ப பொறுப்பானவன்!" என்று அதிகாரி சிரித்தார்.

அம்மா அவர்கள் முன்னால் அழுதாள். கதவைச் சாத்தியதும் என் காதோடு, "நடந்தே போயிட்டார்டி! கையுறைய எங்க வச்சோம்னு தெரியாத மனுஷன், எல்லையவே தாண்டிட்டார் பாரு!" என்று சொல்லிச் சிரித்தாள். இப்போது தினமும் வானொலியை மெதுவாக வைத்து எதிர்க்கரைச் செய்தி கேட்கிறாள். அவருக்குக் காலுறை பின்னுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், அத்தை.

குழாய் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பள்ளி விட்டதும் அங்கே சல்லடை கழுவுவது என் வேலை. அப்பா கடைசியாகத் தொட்டது என்பதால் அதைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. ஒஸ்கார் மாமா இல்லாத நேரத்தில் இரண்டு முனையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்தேன்.

எங்கள் சேற்றில் கடுகைவிடச் சிறிய நீர்ப்பூச்சிகளின் இரட்டை ஓடுகள் இருக்கும். உப்பு மிகுந்த நீரில் வாழ்ந்தவற்றின் ஓடு வழவழப்பாக இருக்கும். உப்பு குறைந்த நீரில் வாழ்ந்தவற்றுக்குக் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அப்பா பழைய கடலின் உப்பைக் கணக்கிடுவார். என் முகப்பருவைப் பார்த்து, "சூப்புக்கு உப்பு பத்தலன்னு உன் மூஞ்சியே சொல்லுதேடி!" என்பார்.

ஆற்று நீர் சேர்ந்து சேர்ந்து எங்கள் விரிகுடாவில் உப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால் எந்தக் குழாயை எடுத்தாலும் அடியில் உள்ள பழைய சேற்றில் வழவழப்பு, மேலே உள்ள புதிய சேற்றில் கொப்புளம். மேல்முனை எது என்று பிறகு குழம்பக்கூடாது என்பதற்காக, குழாய் நிமிர்ந்து நிற்கும்போதே அப்பா அதில் சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். கட்டாமல் படுக்கவைக்கமாட்டார். விரல் விறைத்தாலும் வேறு ஆளைத் தொடவிடமாட்டார்.

இந்தக் குழாயில் சிவப்பு நூல் கட்டிய முனையில்தான் வழவழப்பான ஓடுகள் இருந்தன. மறுமுனையில் எல்லாம் கொப்புளம். மூன்று முறை கழுவிப் பார்த்தேன்.

இதை அப்பா கட்டவில்லை, அத்தை. படுத்துக் கிடந்த குழாயை, மேல் கீழ் தெரியாத யாரோ கட்டியிருக்கிறார்கள். அந்த நூல் எப்போதும் அவருடைய உள்சட்டைப் பையில்தான் இருக்கும். வேறு ஆள் கைக்கு அது எப்படிப் போயிருக்கும்?

திரும்பி வந்த ஒஸ்கார் மாமா நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். சிவப்பு நூல் கட்டிய முனையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் வாளியில் கொட்டினார். "நீ ஒண்ணும் பாக்கல. நானும் பாக்கல. வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு தின்னுட்டுப் படு, கண்ணு" என்றார். இன்று அந்த அதிகாரி பள்ளிக்கு வந்து, குழாயைத் திறந்தது யார் என்று தலைமையாசிரியரிடம் விசாரித்தாராம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அதைவிட, அம்மா காலுறையின் குதிகாலை என் கையில் வைத்து அளவு பார்த்து, "அவர் கால் இதவிடப் பெருசு இல்ல?" என்று கேட்கும்போதுதான் தாங்கமுடியவில்லை. ஆமாம் என்றேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அம்மாவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். வெளியார் படித்தாலும் புரியாதபடி, எதிர்க்கரையில் நம் உறவுக்காரர் ஒருவர் சுகமாக இருக்கிறார் என்று எழுதுங்கள். அவள் புரிந்துகொள்வாள். பொய்தான். உங்கள் தம்பியைப் பற்றி நீங்களே இப்படி எழுதவேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். பனி உருகும்வரையாவது அவள் பின்னிக்கொண்டிருக்கட்டும். உருகிய பிறகு கடல் எதையாவது கரைக்குக் கொண்டுவந்தால், அப்போது நீங்கள் இங்கே

கதவு தட்டுகிறார்கள். அம்மா தட்டினால் இரண்டே தட்டுதான். இது