முதல் பக்கத்துப் பிணம்

மகளுக்கு,

பதிப்பாளர் போன் செய்தார். "ஐயா, இப்போ கொலைக் கதைதான் போகுது. முதல் பக்கத்துலயே அந்தம்மாவைக் கொன்னீங்க பாருங்க, பிரமாதம். உடனே போட்டுடலாம்" என்றார்.

நான் கொல்லவில்லை. டைப் அடித்து அனுப்புகிறேன் என்று நாவலை வாங்கிக்கொண்டு போனவள் நீ.

"ஊரோட ஒத்துப் போங்கப்பா, இன்னும் எத்தனை பேர் திருப்பி அனுப்பணும்?" என்று கேட்பாய். அனுப்பட்டும். படிப்பில்லாத நான் பட்டறை வேலை முடிந்து வந்து எழுதப் பழகியதே, கடைசிப் பக்கத்திலாவது உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலால் நடந்து வீட்டுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான்.

புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "கதைதானே ஐயா" என்று சிரித்தார். அவருக்குத் தெரியாது, சிரிக்கலாம். நீ அதைச் சொல்லிக்கொண்டு என் வாசலுக்கு வராதே.

உன் அப்பா