பிள்ளைத்தாச்சிப் பார்

மேலகரம்
12.6.83

என் அன்புத் தளவாய் அண்ணனுக்கு,

உன் சித்தி மகள் சந்தனமாரி எழுதுகிறேன். நீ போகும் சர்வே படகு மாதிரி ஒன்றைப் பற்றித் தென்காசி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். தலைகால் புரியவில்லை! சத்தத்தைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்தே கடலடியை வரைகிறீர்களாமே! நேற்று மலைப் பாறைக்கு முன்னால் நின்று "ஓய்" என்றேன், திரும்பி வந்தது. நாற்றங்கால் சேற்றில் நின்று கத்தினேன், ஒன்றுமே வரவில்லை. "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிட்டா?" என்று அம்மா கையை ஓங்குகிறாள். கடலிலும் அப்படித்தானா? போன தடவை மாதிரி கார்டில் ரெண்டு வரி எழுதினால் பேச மாட்டேன்.

உன் தங்கச்சி,
சந்தனமாரி

20.6.83

அன்புத் தங்கச்சிக்கு,

கெட்டிக்காரி! பாறை என்றால் எங்கள் தாளில் கோடு கறுப்பாக விழும், சேறு என்றால் மங்கல். துறைமுகத்தில் தோண்டும் மண்ணை எங்கே கொட்டக் கூடாது என்று பார்க்கத்தான் இந்த வரைபடமே. மீன் முட்டையிடும் பாறைத்திட்டில், அதாவது பாரில், கொட்ட விட மாட்டோம். சிப்பிவிளைப் பக்கம் அப்படி ஒரு பார் இருக்கிறதாம். மீன்காரர்கள் இடம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சாரலுக்குக் குற்றாலத்தில் உங்கள் லாட்ஜில் தங்கும் ஞானதுரை அந்த ஊர்தானே? நீ கேட்டால் சொல்லுவார்.

அண்ணன் தளவாய்

9.7.83

அண்ணா,

கேட்டுவிட்டேன்! முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அத வெளியாளுக்குச் சொல்லப்படாது தங்கச்சி. பிள்ளைத்தாச்சிப் பாருன்னு பேரு. மீனு சினையா இருக்கையில நாங்களே அங்கன வலை போட மாட்டோம்."

"படம் போடுதது எங்க அண்ணன்தான் அண்ணாச்சி. மண்ணு கொட்ட விட மாட்டான்" என்றேன்.

அருவியில் குளித்து, தலை துவட்டி, ஒரு சுக்குக்காப்பி குடிக்கும்வரை யோசித்தார். "ஒங்க அண்ணன்னா எனக்குத் தம்பில்லா" என்று சொல்லிவிட்டார். கடலில் இருந்து கரையைப் பார்த்தால் மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒத்தைப்பனை தெரிய வேண்டும், உப்பளத்துக் கொட்டகைக்கு நேர் பின்னால் செம்மணல் தேரி மேடு தெரிய வேண்டும். அங்கே சத்தம் அனுப்பிப் பார், அண்ணா!

சந்தனமாரி

5.8.83

தங்கச்சி,

கிடைத்துவிட்டது! கோடு மை கொட்டினாற்போல் கறுப்பு. இனி ஒருத்தன் அங்கே ஒரு கூடை மண் போட முடியாது. ஞானதுரை அண்ணாச்சியிடம் சொல்.

தளவாய்

2.6.84

அன்புத் தங்கச்சிக்கு,

என் வேலை நிரந்தரமாகிவிட்டது. எங்கள் அதிகாரி குடும்பத்தோடு சாரலுக்கு வருகிறார். லாட்ஜில் நல்ல அறையாகச் சொல்லி வை.

அந்தப் பார் விஷயம் உன் காதுக்கு வரும், நானே சொல்லிவிடுகிறேன். அதை விட்டால் மண் கொட்ட இன்னும் தூரம் போக வேண்டுமாம். படத்தில் சேறு என்று போடச் சொன்னார்கள். போட்டேன். நான் இல்லாவிட்டால் இன்னொருத்தன் போடுவான். ஞானதுரையிடம் மூச்சு விடாதே.

தளவாய்

17.6.84

தளவாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அறைக்கு அப்பாவுக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞானதுரை அண்ணாச்சி வந்திருக்கிறார். உங்கள் மேல் கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "எடம் தெரியாமக் கொட்டிட்டானுவ தங்கச்சி. வலையில சேறுதான் ஏறுது. தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நிப்பாட்டிருவான்" என்றார்.

சொல்லிவிட்டேன். பாறை என்று தெரிந்தேதான் சேறு என்று போட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"கூடப் பொறந்தவனா? அவன் ஒனக்கு என்ன வேணும் தங்கச்சி?"

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

இப்படிக்கு,
சந்தனமாரி