விழுந்தால் பேசும் குரல்

கொளவாய் ஏரிக்கு அக்கரையிலும் எதிரொலிக்கும் குரலோனே, என் தங்கை மல்லிகாவைக் கட்டிய மாப்பிள்ளை முருகேசா,

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உன் குரல் மட்டும் போகவில்லை. தினமும் சாயங்காலம் உள்ளறையிலிருந்து வருகிறது: "எந்திரி கண்ணு, இன்னோர் உசுரு கீது." அடுப்படியில் மல்லிகாவின் கரண்டி அப்படியே நின்றுவிடுகிறது.

நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் விளையாட்டில் வெள்ளைக்காரன் குரலைத் தூக்கிவிட்டு நம் குரலைப் போடுவதாக நான் முரசறைந்தேன். ஃபேனை நிறுத்திவிட்டுக் கம்பளிக்குள் மைக்கோடு புகுந்தோம். நாம் சிந்திய வியர்வையில் பாலாறு கரைபுரண்டது. பழைய ஒலிக்கோப்பின் பெயரையே நம் பதிவுக்கும் வைத்தோம், விளையாட்டு ஏமாந்துபோனது. வீரன் கோட்டை உச்சியை எட்டினால் என் வெற்றி முழக்கம். விழுந்து செத்தால் நீ.

"செத்தவனுக்கு ஒப்பாரி வை மாப்ள" என்றேன்.

"இன்னா மச்சான் நீ. வுழுந்தவன எந்திரின்னு சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்றாய்.

பிறகு படாளத்துக்குப் பக்கத்தில் அந்த லாரி.

உன் மகள் விளையாடத் தெரியாமல்தான் விழுகிறாள் என்று நினைத்தேன். ஐம்பத்தாறு தேசங்களை வென்ற நான் கற்றுத்தரப் போனேன். அவள் வீரனை நிதானமாகச் சுவரோரம் நடத்தி, கீழே தள்ளினாள்.

"எனுக்குத் தெரியும் மாமா. வுழுந்தாத்தான் அப்பா பேசுவாரு."

போன ஞாயிறு மாமல்லபுரம் போயிருந்தோம். மாங்காய் வாங்கத் திரும்பினேன், கையில் பிள்ளை இல்லை. பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கவுனைப் பிடித்து இழுத்தேன்.

"இங்கேர்ந்து வுழுந்தாலும் அப்பா எந்திரின்னு சொல்வாரா மாமா?"

இதில் என்னத்தை மிகைப்படுத்த, மாப்பிள்ளை?

"அழிச்சிடுண்ணா அத" என்றாள் மல்லிகா. அடுத்த மூச்சிலேயே, "அழிச்சிட்டு அந்தக் கொரலுக்கு நான் எங்க போவேன்?"

அழிக்கவில்லை. அன்றைய முழுப் பதிவையும் தேடிப் போட்டுக் கேட்டேன். நடுவில் பாப்பா கதவைத் திறந்து வந்ததால் கெட்டுப்போனதென்று நாம் வெட்டிய இடம் அதில் இருக்கிறது. நீ அவளிடம் சொல்கிறாய்: "வாம்மா, மேல ஏறி வா. அப்பா மடில குந்து."

அதைக் கோட்டை உச்சிக்கு வைத்துவிட்டேன். விழுகிற இடத்தில் இப்போது என் குரல். இந்தத் தகர டப்பாவைக் கேட்க எவள் விழுவாள்?

இன்று ஒருமுறை விழுந்தாள். "சீ, மாமா" என்று முகத்தைச் சுளித்தாள். அப்பா எங்கே என்றாள். மேலே என்றேன். இப்போது ஒவ்வொரு கல்லாகப் பார்த்து ஏறுகிறாள். எனக்குத்தான் இன்னும் அந்தப் பாறை கண்ணை விட்டுப் போகவில்லை. மேலே என்று சொன்னது சரிதானா, மாப்பிள்ளை?

அவள் உச்சியைத் தொடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வெளியே போனால் கையை விடமாட்டேன். நீ அங்கேயே இரு. இப்போதைக்கு அவளைக் கூப்பிடாதே.

உன் பிள்ளையின் கையைப் பிடித்தபடி,
உன் மச்சான்