உச்சி வெயிலில் நிலவேம்பு

ஆரணி
12.7.1997

அன்புள்ள ராஜ்குமார் மாமாவுக்கு,

கீதா எழுதுவது. அம்மாவும் நானும் நலம்.

உங்கள் கட்டுரை வந்த இதழைக் கல்லூரி நூலகத்தில் பார்த்தேன். அதில் இருப்பது எங்கள் மாடியில் நான் வளர்த்த நிலவேம்புதான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் பாதித் தொட்டிகள், திறந்த வெயிலில் பாதி. இலை பறித்து அரைத்து அளந்ததெல்லாம் நான். கதிர் பட்டாலும் படாவிட்டாலும் செடியின் ஆன்டி ஆக்ஸிடன்ட் சத்து மாறவில்லை என்ற முடிவும் என்னுடையது. நீங்கள் மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவீர்கள். கட்டுரையில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

அச்சுப் பிழையாக இருக்கும் என்கிறாள் அம்மா. நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கீதா


சென்னை
30.7.1997

அன்புள்ள கீதா,

கோபமா? நீ என் முறைப்பெண். கல்யாணம் ஆகிவிட்டால் உன் பெயர், என் பெயர் என்று என்ன இருக்கிறது? முதலில் எனக்கு வேலை கிடைக்கட்டும். இதைப் பெரிசுபடுத்தாதே. அத்தை வைக்கும் கத்திரிக்காய்க் குழம்பு நாக்கிலேயே நிற்கிறது.

உன்,
ராஜ்குமார்


சென்னை
3.2.2004

அன்புள்ள கீதா,

என் கல்யாணத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது என்று இருந்துவிட்டேன். இப்போது வேறு வழியில்லை.

நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி என் கட்டுரையை நம்பி, இலை நிறைய வரட்டும் என்று நிலவேம்புத் தோட்டம் முழுக்கக் கதிர் தடுக்கும் கூரை போட்டது. இலை செழிப்பாக வந்தது, உள்ளே சத்து இல்லை. வேலிக்கு வெளியே வெயிலில் நிற்கும் செடியில் இருக்கிறது. நான் பொய்யாக எழுதிவிட்டேன் என்று விசாரணை வைத்திருக்கிறார்கள். சோதனை செய்தது நீதான், தவறும் உன்னுடையதுதான் என்று ஒரு கடிதம் கொடு. என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. அப்போது என்னதான் நடந்தது?

ராஜ்குமார்


ஆரணி
16.2.2004

திரு. ராஜ்குமார் அவர்களுக்கு,

நடந்தது எனக்குத் தெரியும். உங்கள் பழைய கடிதம் வந்த வாரமே தெரிந்துவிட்டது. ஒரு நாள் காய்ச்சலோடு மதியமே வீடு திரும்பினேன். மாடியில் அம்மா சாயம் போட்ட பட்டு நூலை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, திறந்த தொட்டிகள்மேல் அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"உச்சி வெயில்ல செடி வெந்துகினு கீதும்மா, பாவம். தெனமும் மூடிட்டு, வெயில் தாழ்ந்ததும் எடுத்துடுவேன்" என்றாள்.

சோதனை நடந்தபோது தினமும் அதே நேரத்தில் நீங்கள் கீழே அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நீங்களும் சாயக்காரர் வீட்டுப் பிள்ளைதான், உச்சி வெயிலில் சாயம் வெளுக்கும் என்று உங்களுக்கும் தெரியும். அத்தை எதற்கு மாடி ஏறுகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

வேட்டி இல்லாமல் மறுபடி வளர்த்தேன். கதிர் சுட்டால்தான் நிலவேம்பு தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் சத்தை உண்டாக்குகிறது. உங்களுக்கு எழுத உட்கார்ந்த அன்று உங்கள் கல்யாணப் பத்திரிகை வந்தது. எழுதவில்லை. நீங்கள் இன்னும் மேலே போகட்டும் என்று காத்திருந்தேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூரை போட்ட செய்தியைப் பேப்பரில் படித்ததும் அம்மாவைக் கேசரி கிளறச் சொன்னேன். சரியான முடிவுகளைக் கம்பெனிக்கு அனுப்பியதும் நான்தான்.

நீங்கள் கேட்ட கடிதம் கிடைக்காது. வேண்டுமானால் இதையே காட்டுங்கள். நீங்கள் பொய்யர் இல்லை, திருடர் என்று ஆகும். எது வசதியோ பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது அச்சுப் பிழை இல்லை என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கீதா